படத்துக்குள் மடித்து வைத்த தாத்தா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. முட்டிவலியைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற படத்து மீசைக்காரர், நாடு பிறந்த புதிதில் நடந்த சண்டையில் படை நடத்திய உன் கொள்ளுத்தாத்தா என்று உன் அப்பா தம்பட்டம் அடிப்பாரே, அவரைப் பார்த்துத்தானே இவரும் மீசை வளர்த்தார். அவருடையது என்று விளிம்பு உடைந்த மணி ஒன்றும் அலமாரியில் இருக்கிறதே, படைத்தலைவருக்கு மணி எதற்கு என்று கேட்டால் மழுப்புவார். அந்தச் சண்டைக்காக அருங்காட்சியகத்தில் புதுக் கூடம் திறக்கிறார்களாம், படத்தைக் கொடுக்கப் போனோம். அங்கே பொறுப்பில் இருக்கிற அம்மா பார்த்ததுமே, இவர் கல்யாணம் ஆகாமலே அந்தச் சண்டையில் செத்துப்போன தளபதி ஆயிற்றே, உங்களுக்கு எப்படித் தாத்தா ஆவார் என்று கேட்டுவிட்டார். அப்புறம் அந்த அம்மா படத்தின் கண்ணாடியைக் கழற்றினால், பாப்பா, படம் பெரிது, சட்டம் சின்னது, யாரோ புண்ணியவான் ஒரு பக்கத்தைப் பின்னால் மடித்து அடைத்திருக்கிறான்! நீவிப் பார்த்தால் கோவேறு கழுதையைப் பிடித்தபடி ஓர் ஒல்லி ஆள், மீசையே இல்லை, காது இரண்டும் முறம் மாதிரி, அச்சு அசல் உன் காது. கழுதையின் கழுத்தில் நம் மணி, உடைந்த விளிம்போடு! பீரங்கிகளை மலைமேல் ஏற்றியதே இந்தக் கழுதைக்காரர்கள்தான், அவர்கள் இல்லாவிட்டால் தளபதி என்ன செய்திருப்பார் என்று அந்த அம்மா சொன்னார், எனக்குப் புல்லரித்துவிட்டது.

உன் அப்பாதான் வழியெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டே வந்தார். இனி நான் யார்னு சொல்லிக்கிறது என்று ஒரே ஒரு தடவை முனகினார். வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். வெளியே வந்தபோது மீசை இல்லை! இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த மேலுதட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், மீசை போனதும் காது பெரிதாகி, படத்து ஆளே இறங்கி வந்த மாதிரி நின்றார். இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நீ நூறு வயது நிறைவாக வாழ வேண்டும். காதை மறைக்காமல் முடியைத் தூக்கிக் கட்டி ஒரு போட்டோ அனுப்பு, மறக்காதே. அப்பா ஒன்று சொல்லச் சொன்னார். மார்க் குறைந்தபோதெல்லாம் கழுதை மேய்க்கத்தான் லாயக்கு என்று உன்னைத் திட்டினாரே, அது வசவில்லையாம், நம்ம குடும்பப் பட்டமாம்.

இப்படிக்கு,
கழுதைக்கார வீட்டு மருமகள்,
உன் அம்மா