மூன்று தரம் கழுவிய போத்தல்

என் அன்புச் சின்னம்மாவுக்கு,

நாளைக்கு உங்கட இரண்டாவது திவசம். உங்களுக்குப் பிடித்த வடைக்கு அம்மா குசினியில் உழுந்து ஊறப்போட்டிருக்கிறா. நான் அறைக்குள் இருந்து எழுதுகிறேன். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்துக் கோணலாக வந்தால் கோபிக்காதேங்கோ.

முதலில் புதினம். அப்போதிக்கரிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். டொக்டர் இல்லாத ஊர்களில் நோய் பார்த்து மருந்து கொடுக்கிற வேலை, நீங்கள் எனக்கு ஆசைப்பட்டது. நேர்முகத்துக்குக் கொழும்புக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அடுத்த கிழமை மாங்குளத்தில் ரயில் ஏறவேண்டும். வழியில் ஆமிக்காரர் சோதித்து இறக்கிவிடுவார்களோ என்று அம்மா என் அடையாள அட்டையை எடுத்து எடுத்துப் பார்க்கிறா. என் பயம் வேறு.

படிப்புக்கு உதவும் என்று சனிக்கிழமைகளில் எங்கட ஊர் டிஸ்பென்சரிக்குப் போகிறேன். எவ்வளவு குடிக்கவேண்டும் என்று காட்ட மருந்துப் போத்தலில் ஒட்டுகிற கடதாசியை வேளைக்கு ஒரு வெட்டாக வெட்டிக் கொடுப்பதுதான் வேலை. ஆனால் சனம் மருந்து வாங்கக் கொண்டுவருகிற வெறும் போத்தல்களை ஒன்று விடாமல் மணந்து பார்க்கிறேன். இவளுக்கு மூக்குத்தான் படிப்பு என்று பகிடி பண்ணுகிறார்கள்.

போன சனி, காய்ச்சல்காரப் பிள்ளையோடு ஒரு அம்மா வந்தா. அவாவின் போத்தலில் மிளகாய்க்கு அடிக்கிற பூச்சிமருந்தின் மணம். வேண்டாம் என்றேன்.

“மூண்டு தரம் கழுவினனான் பிள்ளை. பஸ் போயிடும், இதிலயே ஊத்தித் தாங்கோ.”

என் தண்ணீர்ப் போத்தலை முற்றத்தில் கவிழ்த்துவிட்டு அதை அவாவிடம் கொடுத்தேன். ஏன் பிள்ளை இவ்வளவு பயம் என்று கேட்டா. நான் கடதாசி வெட்டத் திரும்பிவிட்டேன். நேர்முகத்தில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்பார்கள். சேவை செய்ய என்று பாடமாக்கி வைத்திருக்கிறேன். பொய்.

சின்னம்மா, உங்கட மலேரியாவுக்கு மருந்து எடுக்கப் போனது நான்தானே. வீட்டில் இருந்தது தோட்டத்துப் பூச்சிமருந்துப் போத்தல் ஒன்றுதான். சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவினேன். மூன்றாம் தரமும் மணத்தது. டிஸ்பென்சரியைப் பூட்டிவிடுவார்கள் என்று அப்படியே கொண்டு ஓடினேன். இதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

முதல் மிடறில் முகத்தைச் சுளித்தீர்கள். நான் வாய் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மருந்தெண்டா மணக்கும்தானே” என்று சொல்லி மிச்சத்தையும் குடித்தீர்கள். அடுத்தநாள் நீங்கள் இல்லை. காய்ச்சல் முற்றிவிட்டது என்றார்கள், எல்லாரும் நம்பினார்கள்.

காய்ச்சல்தானா? யாரிடம் கேட்பேன்?

படிக்கப் போனால் ஒருநாள் அந்தப் பாடமும் வரும். எந்த நஞ்சு, எவ்வளவு போனால், எத்தனை மணித்தியாலத்தில் என்ன செய்யும் என்று படிப்பிப்பார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிடும். அதை நினைத்தால் நேர்முகக் கடிதத்தைக் கிழித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் போல இருக்கிறது.

ஆனாலும் போறன், சின்னம்மா. பயத்தோடுதான். அந்தப் பாடம் நடக்கிற நாளில் வகுப்பை விட்டு எழும்பி ஓடமாட்டேன். கடைசி வரி வரைக்கும் எழுதி எடுப்பேன். விடை எதுவாக இருந்தாலும் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு முன்னால் இருந்து சொல்லுவேன்.

உங்கட பெறாமகள்,
வாணி