பின் கதவில் மருதாணி

அன்பு மகளுக்கு, வாப்பாட ஸலாம்.

உனக்குப் போன் எடுத்தா எப்பவும் மருமகன்தான் பேசுறார். அதனால இதை எழுதி உம்மாட கையில தில்லையடிக்கு, உங்கட வீட்டுக்குக் குடுத்து விடுறன்.

உன்ட கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த காரைக் கழுவின செலவெண்டு, நாம கட்டின டிபோசிட்டில பதினையாயிரம் வெட்டிட்டாங்க. கறையொண்டும் இல்லாமத்தானே திருப்பிக் குடுத்தோம் எண்டு சண்டை பிடிக்கப் போனன். கார் குடுத்த கந்தோரில இருந்தவர் கோபப்படாம போட்டோவைக் காட்டினார். பின் கதவுப் பிடியில மருதாணி. அஞ்சு விரலும் பதிஞ்சிருந்திச்சி.

பார்லரில மருதாணி போட்டுக்கொண்டு அந்தக் காரில வந்த அண்டைக்கு, வீட்டுக்கு வந்து பார்த்தா உன்ட வலது கைப் பூவெல்லாம் அழிஞ்சிருந்திச்சி. கவனமில்லையா எண்டு ஏசினன். பாலாவிச் சந்தியில கார் குலுங்கிட்டு எண்டாய். அந்தச் சந்தியில நாம லொறிகளுக்குப் பின்னால அசையாம நிண்டுகொண்டுதானே இருந்தோம், மகள்?

"அந்தக் கதவு உள்ளுக்கிருந்து திறக்க ஏலாது. சின்னப் பிள்ளைகளுக்காகப் பூட்டி வெச்சிருக்கு" எண்டு அந்த மனிசன் சொன்னார். அதுக்குப் பிறகு நான் வெட்டின சல்லியைப் பத்திக் கதைக்கல்ல. எழும்பி வந்திட்டன்.

இங்க எல்லாரும் சுகம். உன்ட அறையில ஒரு சாமானும் வைக்க விடல்ல.

உம்மா வாற ஓட்டோவை உங்கட வாசலிலேயே நிக்கச் சொல்லியிருக்கன். ஓட்டோவுக்குக் கதவில்ல, மகள்.

உன்ட வாப்பா