தூரி அண்ணையின் கோஷ்டி

என் அன்புக்கும் என் வாய்க்கும் சேர்த்தே அகப்பட்ட தூரி அண்ணைக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகும் சுவிஸில் நம் ஃப்ரிபூர்க் அப்படியேதான் இருக்கிறது. நம் உணவக முதலாளி மறுபடியும் சிகரெட்டை விட்டுவிட்டார். குசினிக்குப் பின்னால் நின்று அதைப் புகைத்துக் கொண்டாடுகிறார். இனி நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் நீங்கள் இருந்த இத்தாலியப் படைப்பிரிவின் பெயரை முதலில் சொன்னபோது, 'கோஸ்தியேரா' என்றது என் காதில் 'கோஷ்டி' என்று விழுந்தது. பஜனைக் கோஷ்டியாக்கும் என்று நினைத்தேன். சிசிலிக் கரையைக் காத்த படை என்று பிறகு விளங்கியும் நான் விடவில்லை. தலை நரைத்த குடும்பஸ்தர்கள், முந்தின யுத்தத்துத் துவக்குகள், லொறிக்குப் பதிலாகக் கோவேறு கழுதைகள். ஒரு விடியலில் கடலே தெரியாதபடி எதிரியின் கப்பல்கள். பகிடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

போன ஞாயிறு ஊஸ்டர் நகரில் எங்கள் தமிழாக்களின் ஒரு பிறந்தநாள் வீடு. உங்களை நினைவுகூர்கிறேன் பேர்வழி என்று எழும்பிக் கோஷ்டியை நடித்துக் காட்டினேன். கழுதையும் நானே, வெள்ளைப் பெனியனைக் கழற்றி ஆட்டும் தளபதியும் நானே. சனம் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது.

பூமணி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவவின் மூத்த மகன் ஊரில் இயக்கத்துக்குப் போய், கடற்கரையில் காவலுக்கு நிற்கிறான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆடினேன்.

"தம்பி, கரையில நிண்ட ஆக்களுக்குப் பிறகு என்ன நடந்தது?"

"கையைத் தூக்கிட்டினம் அக்கா."

"எல்லாருமோ?"

அவவின் கணவர் குறுக்கிட்டார். "விடுமப்பா, அவன் பகிடிக்குக் கதைக்கிறான்."

"பகிடி எனக்கும் விளங்கினது. நான் மிச்சத்தைக் கேக்கிறன். தம்பி, உமக்கு அந்த மனிசன் சொல்லேல்லையோ?"

சொல்ல வந்தீர்கள், அண்ணை. "என்னோடு நின்றவன் ஒருவன்..." என்று எத்தனை தரம் தொடங்கினீர்கள்? அதற்குள் நான் கழுதைபோலக் கத்தி உங்களைச் சிரிக்க வைத்துவிடுவேன். நீங்கள் சட்டி கழுவத் திரும்புவீர்கள். தோள் குலுங்கும். அது சிரிப்புத்தானா?

"தெரியாது அக்கா" என்றேன். வெட்கத்தில் நிலம் பிளக்கும் என்பார்கள், பிளக்கவில்லை. கேக் வெட்டினார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

புறப்படும்போது அக்கா என் கையைப் பிடித்தா. "அவற்ற மனிசி இருக்கிறாதானே? என்னைக் கூட்டிக்கொண்டு போம். எதெண்டாலும் நான் கேக்கிறன்."

நீங்கள் என்னிடம் முடிக்காத கதையை உங்கள் மனைவியிடமாவது முடித்தீர்களா?

வருகிற ஞாயிறு அக்காவோடு உங்கள் வீட்டுக்கு வருவேன். உங்கள் மனைவி இத்தாலியனில் சொல்வதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். அந்தக் கரையில் நின்றவர்கள் பிழைத்திருந்தால் பிழைத்தார்கள் என்பேன். செத்திருந்தால் செத்தார்கள் என்பேன். அக்காவின் முகம் எப்படி மாறினாலும், நடுவில் ஒரு பகிடி விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் யாழ்ப்பாணத்துத் தம்பி,
செல்வம்