பத்து வோல்ட்டுக்கு என் மீட்டர் சொன்ன பதில்

இதை எழுதும்போது அந்தச் சின்னப் பெட்டி என் மேசைமேல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் புது போர்டுக்கே உரிய ஈயப்பற்று வாசனை. அது மூக்கில் ஏறியதும், பாலிடெக்னிக் லேபில் என் பக்கத்து ஸ்டூலில் நீ உட்கார்ந்துகொண்டு, "தள்ளுடி, நான் வைக்கிறேன்" என்று என் கையிலிருந்து ஈயம் உருக்கி ஒட்டும் பற்றுக்கோலைப் பிடுங்குவது போலவே இருக்கிறது. உடனே மூடிவிடுகிறேன்.

நீ போய் நான்கு மாதமாகிறது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றைச் சொல்லவே இந்தக் கடிதம்.

படிப்பு முடிந்து நீ அரியலூருக்கு, சிமெண்ட் ஆலை வேலைக்குப் போனாய். நான் பெரம்பலூரில் கல்யாணமாகி, வீட்டுப் பின்னறையில் யூபிஎஸ், ஸ்டெபிலைசர் பழுது பார்க்கத் தொடங்கினேன். அறைக்கு 'லேப்' என்று பெயர் வைத்தது நீதான். பிறகு உனக்கு அந்தத் தசை நோய் வந்தது. முதலில் படி ஏற முடியவில்லை, அப்புறம் மூச்சுக்கே மெஷின் தேவைப்பட்டது. கடைசி வருடம் பகலிலும் அதைக் கழற்ற முடியாமல் போனது. கரண்டு போனால் என்ன செய்வது என்று உன் வீட்டுக்காரர் தவித்தபோது, நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். "நான் பேட்டரி பேக்கப் செஞ்சு தரேண்ணா. நாலு மணி நேரம் தாங்கும்."

அதை மாட்டிய அன்று நீ கட்டிலில் சாய்ந்தபடி என் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய். முகமூடிக்குள்ளிருந்து உன் குரல் வந்தது.

"கண்ணாடி ஒடஞ்சிருக்கே. கீழ போட்டியா?"

"மேசையிலேர்ந்து வுழுந்துச்சு. வேலை செய்யுதுல்ல?"

"வேலை செய்யுது. சரியா காட்டுதா? எதோட ஒத்துப் பாத்த?"

நான் முனைகளைப் பேட்டரியில் வைத்தேன். பத்து வருடமாகக் கையில் இருக்கும் மீட்டர். அது 13.6 என்று காட்டியது. பேட்டரி நிறைய வேண்டிய அளவு அதுதான் என்று சார்ஜரை அந்த எண்ணிலேயே வைத்தேன்.

அடுத்த மாதம் நான் வந்தபோது, லேபுக்கு வாங்கப் பெரிய மேசை மீட்டர் ஒன்றின் படத்தை உன்னிடம் காட்டினேன். புள்ளிக்குப் பின்னால் அத்தனை இலக்கம். யாரோ பயன்படுத்தி விற்பது. நீ உதட்டைப் பிதுக்கினாய். "இது சரியான்னு யாருடி சொல்றது? மொதல்ல பத்து வோல்ட்டு தப்பில்லாம தர்ற ஒரு சின்னப் பெட்டி வாங்கு. அத வச்சு உன் மீட்டரச் சோதி. இலக்கம் அப்புறம்." எனக்குச் சுருக்கென்றது. "எட்டு வருஷமா பழுது பாக்குறேன், எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். உன் வீட்டுக்காரர் கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். பெட்டி, மீட்டர் எதையும் வாங்கவில்லை.

அந்தக் காற்று மழை வந்தது ஒரு மத்தியானம். அரியலூரில் கரண்டு போன கொஞ்ச நேரத்தில் உன் வீட்டுக்காரர் போன் செய்து, "பேட்டரியில ஓடுதும்மா, பயமில்ல" என்றார். நானும் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு மணி நேரம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? ஒன்றரை மணி நேரத்தில் மெஷின் கத்தி நின்றது. ரோட்டில் புளியமரம் விழுந்து ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாய். கண் திறக்கவில்லை.

பேட்டரி பழசாகியிருக்கும் என்றார்கள். நுரையீரல் எப்படியும் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் மட்டும் பின்னறைக்குள் போகாமல் இருந்தேன். அங்கே அந்த மீட்டர் இருந்தது.

மூன்று மாதம் ஒத்திப்போட்ட பிறகு, என் மீட்டரைச் சோதிக்க வழி தேடிப் பைத்தியம் பிடித்தவள் போல அலைய ஆரம்பித்தேன். மீட்டரைத் திருச்சிக்கு எடுத்துப்போய்ச் சோதனைக்கூடத்தில் கொடுத்தால் சான்றிதழே தருவார்கள். ஆனால் மீட்டர் எவ்வளவு தப்பு என்ற எண்ணை முன்பின் தெரியாதவர் வாயால் கேட்க எனக்குத் தைரியமில்லை. பத்து வோல்ட் தரும் மலிவான போர்டுகள் நிறைய இருந்தன. பேனாவால் எழுதிய துண்டுச்சீட்டுடன் வரும். எவ்வளவு வெப்பத்தில் அளந்தார்கள் என்று இருக்காது. நம் ஊர்ச் சூட்டில் அந்த வோல்ட் எவ்வளவு நகரும் என்று யார் சொல்வது? அந்தப் பெரிய மீட்டரும் இன்னும் விற்பனையில் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் உதடு பிதுங்கியது. கடைசியில் நீ சொன்ன மாதிரிப் பெட்டியையே எடுத்தேன். மூடிய உறை, அளந்த தேதி, அளந்த வெப்பம், எதோடு ஒத்துப் பார்த்தார்கள் என்ற தாள், எல்லாம் இருந்தது.

வந்த அன்று ஃபேனை நிறுத்தி, பெட்டியை ஆன் செய்து ஒரு மணி நேரம் சூடேற விட்டேன். மீட்டரின் முனைகளை அதில் வைத்தேன். பெட்டி தருவது பத்து வோல்ட். என் மீட்டர் 10.24 என்றது.

மீட்டரின் பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். வயரை மாற்றிப் பார்த்தேன். 10.24. உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகிறது. அப்படியானால் உன் வீட்டில் நான் 13.6 என்று வைத்தது 13.3கூட இல்லை. எட்டு மாதமாக உன் பேட்டரி ஒரு நாளும் நிறையவில்லை. நிறையாமலே உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் பஸ் ஏறி அரியலூர் போனேன். உன் வீட்டுக்காரரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லாம் கேட்டபிறகு அவர் சொன்னார்.

"மெஷினு நின்னப்ப உனக்குப் போன் போட எடுத்தேம்மா. அவ கையப் புடிச்சுட்டா. வேணாம்னு தலைய ஆட்டுனா."

"ஏண்ணா?"

"நீ பதறுவேன்னுதான். வேற என்ன?"

அவர் என்னைத் திட்டவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, "இதே மாரி வேற யாரு வூட்டுலயாச்சும் வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று வீட்டில் வைத்திருக்கிறேன். அதே மீட்டரால்.

இன்று எறையூர் போனேன். அங்கே ஒரு கரும்பு விவசாயிக்கு மூச்சு மெஷின். அவர் மருமகளிடம், "நான் வச்சது தப்புங்க, பேட்டரி பாதி நேரங்கூடத் தாங்காது" என்றேன். அந்தப் பெண் முகம் வெளுத்துப்போனது.

"இத நம்பித்தானேங்க மாமாவ வூட்டுல விட்டுட்டு நாங்க காட்டுக்குப் போறோம்? மனுசன் உசுருங்க இது!"

"ஆமாங்க."

"ஆமான்னா? உள்ள வாங்க. மொதல்ல அதச் சரி பண்ணுங்க."

புதுப் பேட்டரி மாட்டி, பெட்டியோடு ஒத்துத் திருத்திய மீட்டரால் அளந்து, எண்ணைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மெயினை நிறுத்தி நாலு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மெஷின் நிற்கவில்லை. அந்தப் பெரியவர் கண்ணை மூடி ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உன் நெஞ்சும் இப்படித்தானே ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

ஜெயங்கொண்டத்தில் ஒரு வீடு, இங்கே பெரம்பலூரிலேயே ஒரு வீடு பாக்கி. அவர்களிடமும் இதையே சொல்வேன். கதவைச் சாத்தினாலும் நின்று சொல்வேன். அதையும் முடித்துவிட்டால், சரிசெய்ய எனக்கு வேறு வீடு இல்லையடி. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.