கொடிக்கயிறு பிடித்த மாத்தளை வீடு

கோபத்திலும் அழகு குறையாத என் பிலோமினா மாமிக்கு,

நாங்கள் உங்கள் ஊருக்குப் போய் வந்துவிட்டோம். சுற்றி வளைத்துச் சொன்னால் "விசயத்துக்கு வா பிள்ளை" என்று அதட்டுவீர்கள், அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். ஊர்காவற்றுறைக்கு, நீங்கள் வாய் நிறைய ஊராத்துறை என்பீர்களே, அந்தத் துறைமுகத்துக்கு, உங்கள் மகனும் மருமகளான நானும் போனோம். மாதா கோவில் கொடியேற்றத்தன்று கொடிமரத்தடியில் நின்றோம்.

கூப்பிட்டார்களா இல்லையா என்று இப்போதே கேட்காதீர்கள். வரிசையாகத்தான் சொல்வேன். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் நீங்கள் யார் என்று தெரிய வேண்டாமா?

மாத்தளை டவுனில் நம் தெரு முழுக்க மிளகும் கறுவாவும் மணக்கும். அந்தத் தெருவில் கடலைப் பற்றிப் பேச ஒரே ஒரு ஆள் இருந்தீர்கள். மாமா லொறி ஓட்டினார். இங்கேயிருந்து சரக்குச் சாமான் ஏற்றிப் போவார், அங்கேயிருந்து கருவாடு ஏற்றி வருவார். ஒரு தடவை கருவாட்டோடு உங்களையும் ஏற்றி வந்துவிட்டார். நீங்களே அப்படித்தான் சொல்வீர்கள், சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பீர்கள். அவர் ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவர். நீங்களோ கப்பல்காரர் வீட்டுக் கத்தோலிக்கப் பெண்.

உங்கள் அப்பா தண்டையல். பாய்க்கப்பலை நடத்திப் போகும் தலைவருக்கு அப்படிப் பெயர் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 'ஆரோக்கியமாதா' என்பது அவருடைய கப்பல். மகள் லொறியில் ஏறிப் போன செய்தி கேட்டு அவர் அடிக்கவும் வரவில்லை, தேடியும் வரவில்லை. "கொடிக்கயித்தில அவளுக்கு இனி இடமில்லை" என்று மட்டும் சொன்னாராம்.

அது எவ்வளவு பெரிய தண்டனை என்று வெளியூர்க்காரருக்கு விளங்காது. உங்கள் கோவிலின் கொடிமரம் ஒரு பழைய கப்பலின் பாய்மரம். கொடியேறும் நாளில் ஒருவர் முன்னே நின்று வீடு வீடாகப் பெயர் கூப்பிடுவார். ஆட்களின் பெயரை அல்ல, அந்த வீட்டுக் கப்பலின் பெயரை, இல்லாவிட்டால் வள்ளத்தின் பெயரை. கூப்பிட்ட வீட்டார் போய்க் கயிற்றில் கை வைப்பார்கள். கப்பல் எப்போதோ உடைந்து விறகாகிப் போயிருந்தாலும் பெயர் அப்படியே இருக்கும். எல்லா வீடும் பிடித்த பிறகு, பாய் ஏற்றுகிறபோது பாடுகிற அம்பாப் பாட்டைப் பாடிக் கொடியை ஏற்றுவார்கள். கட்டிக்கொண்டு போன பெண்கள் புருஷன் வீட்டு வள்ளத்தின் பெயருக்குக் கயிறு பிடிக்க வேண்டும். உங்களுக்கோ இரண்டு பக்கமும் இல்லாமல் போனது.

அந்த ஓர் அழைப்புக்காகத்தான் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தீர்கள். முதலில் அப்பாவின் கோபம். பிறகு யுத்தம் வந்து, ஊரே வெறிச்சோடி, உங்கள் சனம் திக்குத் திக்காய்ப் போனது. பாதை திறந்து, சனம் திரும்பிக் குடியேறி, கொடியும் மறுபடி ஏறத் தொடங்கியபோது, "வாங்க மாமி, பஸ்ஸுல ஏறுனா போய்ச் சேந்துறலாம்" என்று நான் எத்தனை தரம் கெஞ்சினேன்?

"கூப்பிடாத இடத்துக்கு நான் போகமாட்டன். கயித்தடியில நிண்டு பேர் சொல்லிக் கூப்பிடட்டும், அப்ப வாறன்" என்றீர்கள். போன மழைக்காலத்தில் உங்களை இங்கே மாத்தளைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்தபோது எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் கூட வந்தது. அப்படி என்ன ஊர் அது? பெற்ற பிள்ளையை ஒரு தரம் கூப்பிடக்கூடாதா?

இத்தனைக்கும் நீங்கள் ஊரை விட்டீர்களே தவிர, ஊர்ப் பெருமையை விடவில்லை. போர்த்துக்கேயர் வந்த கதை, ஒல்லாந்தர் வந்த கதை, கடலுக்கு நடுவே கோட்டை எழும்பிய கதை. நாகபட்டினத்துக்கும் ரங்கூனுக்கும் உங்கள் கப்பல்கள் போனதையும், அரிசியும் கூரை ஓடும் தேக்கும் ஏற்றிக்கொண்டு திரும்பியதையும் கூடவே போய் வந்தவர் போலச் சொல்வீர்கள். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை உங்கள் துறைக்கு நடத்தி வந்து கப்பலேற்றினார்கள் என்பது உங்களுக்கு மிகப் பிடித்த கதை. வில்கமுவவிலிருந்து உழுந்து விற்க வருகிற பண்டா ஐயா, யானை வயலை நாசமாக்கிவிட்டது என்று ஒரு நாள் வாசலில் நின்று புலம்பினார். நீங்கள் அவருக்குச் சிங்களத்தில், "எங்கள் துறைக்கு அனுப்பி வையுங்கள், கப்பலேற்றி விடுகிறோம்" என்றீர்கள். மனுஷன் கவலையை மறந்து சிரித்தார்.

"ஒரே உப்புத் தண்ணி ஊரு, அதுக்கு இம்புட்டுப் பெருமையா மாமி?" என்று நான் சீண்டுவேன்.

"உங்கட மிளகு வெளிநாட்டுக்குப் போனது எங்கட கப்பலில பிள்ளை. இல்லாட்டி நீங்கள் மிளகை மணந்து பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்" என்பீர்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உங்களோடு வாதாடி வென்றவர் யார்?

ரிவர்ஸ்டன் மலைப்பாதையில் மழைக்கு மாமாவின் லொறி சேற்றில் புதைந்த அன்று, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீங்கள் அம்பா பாடத் தொடங்கியது நினைவிருக்கிறதா? நீங்கள் அடி எடுத்த உடனேயே நாங்கள் "ஏலேலோ" என்று தள்ளினோம். அதன் பிறகு அலுமாரி நகர்த்தவும் அதுதான், தண்ணீர்த் தாங்கி ஏற்றவும் அதுதான். முன்கடை நானா வீட்டுப் பையன்கள் இப்போதும் ஏலேலோ சொல்லித்தான் மிளகு மூட்டை தூக்குகிறார்கள். கடல் பாட்டை மலையில் பரப்பிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். மாமா உயிரோடு இருந்திருந்தால் லொறியிலேயே கூட்டிப் போயிருப்பார். உங்கள் மகன் ஆரம்பத்திலிருந்தே இழுத்தடித்தார். "போயி என்னன்னு சொல்றது?" என்றார். "உங்க அம்மா ஊருதானே, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நான்தான் அவரைக் கிளப்பினேன். யாழ்ப்பாணத்தில் இறங்கி அடுத்த பஸ் ஏறினோம். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், கணுக்கால் தண்ணீரில் ஆட்கள் நடந்து போகிறார்கள். இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பேசாமலே வந்தார். எனக்குத்தான் வாய் ஓயவில்லை.

மாமி, நீங்கள் சொன்ன ஊர் அங்கே இருக்கிறது. பாதி இடிந்து இருக்கிறது, ஆனால் இருக்கிறது. கடலுக்கு நடுவே அந்தக் கோட்டை, நீங்கள் கையால் காட்டுவீர்களே, அதே இடத்தில். காரைநகருக்குப் போகிற பாதையில், அந்தத் தட்டைப் படகை அங்கே பாதை என்றுதான் சொல்கிறார்கள், மோட்டார் சைக்கிள்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறி இறங்குகிறார்கள். கடல் முருகைக்கல்லால் சுவர் வைத்த பெரிய பெரிய வீடுகள், கூரையில்லாமல், உள்ளே மரம் முளைத்து நிற்கின்றன. பக்கத்திலேயே புதிதாகப் பெயின்ட் அடித்த சின்ன வீடுகள். ஆளில்லாத இடிந்த வீட்டின் முற்றத்தைக்கூட அடுத்த வீட்டுப் பெண் கூட்டிக்கொண்டிருந்தாள். நம் தெருவில் அடுத்த வீட்டு வாசலையும் சேர்த்துக் கூட்டுவீர்களே, அந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது.

உங்கள் தம்பி மரியதாஸ்தான் இப்போது கயிற்றடியில் பெயர் கூப்பிடுகிறவர். விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டோம்.

"மாத்தளையில இருந்து வர்றோம் ஐயா. பிலோமினா அம்மாவோட மருமக நான். இவரு மகன்."

அவர் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்களைத் தாண்டித் தெரு ஒழுங்கையைப் பார்த்தார். "அக்கா வரேல்லையோ?" என்றார்.

அவருக்குத் தெரியாது மாமி. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அவங்க போயிட்டாங்க ஐயா." அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒவ்வொரு கொடியேத்தத்துக்கும் சனத்துக்குள்ள தேடுறனான் பிள்ளை. வந்து நிண்டால் எப்பிடியாவது கூப்பிட்டிடலாம் எண்டு. அவ வரவே இல்லை."

"அவங்க, கூப்பிட்டா வரலாம்னு இருந்தாங்க" என்றேன்.

அக்காவும் தம்பியும் அப்படி ஒரு பிடிவாதம். எனக்கு அங்கேயே கத்தி அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் அழப் போகவில்லையே, கேட்கத்தானே போனேன். "இந்தத் தடவை கூப்பிடுவீங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் தலையை ஆட்டினார், ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. "என்னெண்டு கூப்பிடுறது? அப்பு சொன்ன சொல் ஒரு பக்கம் கிடக்கட்டும், அவர் போய்ச் சேந்திட்டார். ஆனால் கட்டிப்போன பிள்ளைக்குப் புருசன்ர வள்ளத்தின்ர பேர் வேணும். ஊர் வழக்கம் அது. நான் என்ர பாட்டுக்கு மாத்தேலாது. அத்தானுக்கு வள்ளம் இல்லையே."

அப்போதுதான் உங்கள் மகன் வாயைத் திறந்தார். "வள்ளம் இல்லதான். லொறி இருந்திச்சி" என்றார். "அதுக்குப் பேரும் இருந்திச்சி. முத்துமாரி. அப்பா முன்கண்ணாடிக்கு மேல எழுதி வச்சிருந்தாரு. அம்மா அதுலதான் ஏறி வந்தாங்க."

உங்கள் தம்பி சிரிக்கவில்லை. அவர் மனைவி, பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ் கொண்டுவந்து வைத்தார், நண்டும் இறாலும் போட்டு. நீங்கள் இங்கே நண்டு கிடைக்காத குறையை மாத்தளை மிளகைப் போட்டு மறைத்தீர்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு உங்கள் கூழ்தான் பிடிக்கும்.

மறுநாள் பின்னேரம் கொடியேற்றம். கடற்காற்றில் சேலை நிற்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், கொழும்பிலிருந்து வந்தவர்கள் என்று துறையடி நிறையச் சனம். உங்கள் தம்பி வெள்ளை வேட்டியோடு பாய்மரத்தடியில் நின்று கூப்பிடத் தொடங்கினார். "சந்தனமாதா வீடு!" ஒரு கூட்டம் போய்ப் பிடித்தது. "கடலரசி வீடு!" ஒரு கிழவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். "ஆரோக்கியமாதா வீடு!" உங்கள் அப்பாவின் கப்பல் மாமி, அந்தப் பெயரைக் காதால் கேட்டேன். தம்பியின் பிள்ளைகள் போனார்கள். பெயர்கள் முடிந்தன. பாட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். இவர் என் கையைப் பிடித்து, "வா, பின்னுக்குப் போவோம்" என்றார்.

அப்போது உங்கள் தம்பி கையை உயர்த்தினார்.

"மாத்தளை முத்துமாரி வீடு!"

சனம் ஒன்றையொன்று பார்த்தது. "அது எந்தக் கப்பல் மரியதாஸ்?" என்று ஒரு முதியவர் சத்தமாகக் கேட்டார்.

"தரையில ஓடின கப்பல்" என்றார் அவர். "என்ர அக்கா பிலோமினா ஏறிப்போன கப்பல். அவவின்ர பிள்ளையும் மருமகளும் வந்து நிக்கினம். இடம் விடுங்கோ."

கேட்ட முதியவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரே தள்ளி நின்று தன் பக்கத்தில் இடம் காட்டினார். பங்குச் சுவாமியார்கூட, ஒரு மாரியம்மன் பெயர் மாதா கோவில் கொடியடியில் கேட்கிறதே என்று முகம் சுளிக்கவில்லை, சிரித்தார். நாங்கள் போய்க் கயிற்றைப் பிடித்தோம். எனக்கு வந்த பெருமையை எப்படிச் சொல்வேன்? கல்யாணத்தன்றுகூட நான் அப்படித் தலை நிமிர்ந்து நின்றதில்லை.

ஒரு மானக்கேடும் நடந்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எங்களுக்கு அம்பா பழக்கியது லொறி தள்ளத்தானே? நாம் பாட்டு எடுத்த உடனேயே தள்ளுவோம், இல்லாவிட்டால் லொறி பின்னுக்கு உருண்டுவிடும். அங்கேயோ, பாட்டுக்காரர் பாடி முடித்து, சனம் ஏலேலோ சொல்லும்போதுதான் இழுக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் முந்திக்கொண்டு இழுத்ததில் கொடி ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது. "மலைநாட்டு ஆக்களே, பொறுங்கோ! இது லொறி இல்லை!" என்று யாரோ கத்த, துறையே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அடுத்த அடியில் சரியாகப் பிடித்துக்கொண்டோம். கொடி மேலே போய்க் காற்றில் விரிந்தபோது உங்கள் மகன் குழந்தை மாதிரி அழுதார்.

இப்போது அந்தத் துறைக்கு ரங்கூன் கப்பலும் வருவதில்லை, நாகபட்டினத்துத் தோணியும் வருவதில்லை. கப்பல் போன பிறகும் பெயரைப் போகவிடாத ஊர் அது. யுத்தம் கூரைகளைப் பிடுங்கிய பிறகும், எந்த வீடு எந்தக் கப்பல் என்று மறக்கவில்லை. அந்தப் பெயர்களோடு நம் லொறியையும் சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் ஊரை உப்புத் தண்ணி ஊர் என்று இனி நான் சொல்லமாட்டேன், யாரையும் சொல்லவிடவும் மாட்டேன்.

உங்கள் தம்பி அடுத்த மாதம் மாத்தளைக்கு வருகிறார். நேரே சேமக்காலைக்குத்தான் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார். அக்காவிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். நான் முந்திக்கொண்டு எழுதிவிட்டேன், அவரிடம் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு வாக்குத் தருகிறேன் மாமி. இனி ஒவ்வொரு கொடியேற்றத்துக்கும் நம் வீட்டு ஆள் ஒருவர் அந்தத் துறையில் நிற்பார். என்னால் முடியாத காலத்தில் என் பிள்ளைகள் நிற்பார்கள். கயிற்றடியில் நம் பெயரைக் கூப்பிடும்போது, "வந்திட்டோம்" என்று பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கும்.

என்றும் உங்கள்,
மாத்தளை முத்துமாரி வீட்டு மருமகள்
பரமேஸ்வரி