குன்றுக்கு அந்தப்புறம் அடித்த மணி

அன்பு மகளே,

இத்தனை வருஷம் கழித்து, வெளியூர் ஆட்டக்காரனாக அந்தக் கடலோரக் கோல்ஃப் மைதானத்துக்கு நேற்றுப் போனேன். முதல் அடியிலேயே பந்து கடலைத் தாண்டி நார்வே வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. என் மட்டைப் பையைச் சுமந்து வந்த மோராக் மட்டும், "ஐயா, பந்து அந்த முள்ளுப் புதர்ல கெடக்கு. நீங்க எதுக்குக் கடலப் பாத்துப் பெருமைப்படுறீங்க?" என்றாள். பொறாமை.

ஆறாவது குழி உனக்குத் தெரியும். மணல்குன்று மறைத்திருக்கும். முன்னால் ஆடுகிறவர் முடித்துவிட்டு அங்குள்ள மணியை அடித்த பிறகுதான் பின்னால் நிற்பவன் பந்தை அடிக்க வேண்டும். முன்னால் போன உன் அப்பா என் பந்து பட்டு இறந்த அன்று, மணிச் சத்தம் கேட்டுத்தான் பந்தை அடித்தேன் என்று போலீசிடம் சொன்னேன். கறுப்பு உடையில் நின்ற உன்னிடமும் சொன்னேன். தேவாலய மணி போல ஊரே அதிர்ந்தது என்றேன்.

நேற்று முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் நின்றேன்.

"அடிங்கய்யா, அங்க ஈ காக்கா இல்ல."

"மணி அடிக்கட்டும்."

"அடிக்க ஆளு வேணாமா?"

தூறல் வந்து நின்றது. அப்போது குன்றுக்கு அந்தப்புறம் மணி ஒரு தரம் அடித்தது. "காத்தா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே மோராக் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் அடிக்கவில்லை, மகளே. திரும்பிவிட்டேன். தகரக் குவளையில் கரண்டி பட்டது போல, அவ்வளவு சின்னச் சத்தம். அந்த மணியை நேற்றுத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

இந்த ஒன்றை மட்டும் கூட்டிச் சொல்லாத,
உன் சித்தப்பா