பெட்ஷீட்டில் ஓடிய படம்

சர்வதேச அண்ணனுக்கு,

நீ இப்போது போயிருக்கும் ஊரின் பெயரைச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்கிறது. உனக்குத் திரைப்பட விழாவுக்கு மேல் விழா. எங்கள் காதில்தான் உன் குரல் விழவே மாட்டேன் என்கிறது.

அம்மாவை நடிக்க வைத்துப் படம் எடுத்தாய். அதை எந்தெந்த நாட்டிலோ பார்க்கிறார்கள். நடித்த அம்மாவுக்குக் காட்டக் கூடாதாம். கேட்டால், "இந்தியாவுல முதல் காட்சி விழாவுலதான்டா. முன்னாடியே காட்டினா படத்தத் தூக்கிடுவாங்க" என்கிறாய்.

பொறுத்துப் பார்த்துவிட்டு நானே திறந்துவிட்டேன். படத்தின் லிங்க் உன் பழைய லேப்டாப்பில் கிடந்தது. நம் ஆட்டின் பெயரைப் பாஸ்வேர்டாக வைக்கும் மேதை நீ ஒருத்தன்தான்! ஃபாதர் பொன்னேரிக்குப் போயிருந்த நேரம் சர்ச் புரொஜெக்டரைத் தூக்கி வந்து, வாசலில் பெட்ஷீட்டைக் கட்டினேன். கம்பெனி விட்டு வந்த தெரு மொத்தமும் உட்கார்ந்துவிட்டது.

அந்தக் கடைசிக் காட்சியில், பல வருஷம் கழித்து வீடு திரும்பிய மகனுக்கு அம்மா சோறு போடுகிறாள் அல்லவா? பக்கத்து வீட்டு ஏஞ்சலின் அக்கா, "இன்னாக்கா, சூப்பரா அழுவுற!" என்று திரையைக் காட்டினாள்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "படத்துலயாவது ஊட்டுக்கு வந்து துன்றான் பாரு" என்றாள்.

விழாக்காரர்களிடம் போட்டுக்கொடுப்பதானால் கொடு. என்னைத் திட்டுவதை மட்டும் போனில் வைத்துக்கொள்ளாதே. நேரில் வா. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து திட்டு.

இப்படிக்கு,
உன் படத்தை இந்தியாவில் முதலில் வெளியிட்டவன்